எந்த மொழியில் எந்த வாழ்க்கை?

பழைய பேச்சைக் கட்டிக் காப்பவர்கள் பெண்களே என்ற நம்பிக்கைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. 55இல் சிசரோ எழுதிய பேச்சுக்கலை நூலில் கிராசஸ் என்ற ரோமானியப் பிரமுகர் தம் மாமியார் லேலியாவைப் பற்றிப் பெருமையோடு சொல்கிறார். அந்த அம்மாள் பேசக் கேட்டால் முற்கால நாடகாசிரியர்கள் பிளாட்டஸும் நேவியஸும் பேசுவதுபோல் இருக்கிறதாம். அதற்கு அவர் சொல்லும் காரணம், பெண்கள் நாலு பேரோடு பழகுவதில்லை, ஆகவே முதலில் கற்ற பேச்சை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள் என்பது. 1922இல் டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் மொழியைப் பற்றி எழுதிய பெரிய நூலிலும் இதே கருத்து வருகிறது. பெண்கள் பெற்றோரிடம் கற்றதைத் தொடர்கிறார்கள், புதியன புகுத்துவது ஆண்கள் என்பதே அடிக்கடி சொல்லப்படும் விடை என்று எழுதினார் அவர்.

நாற்பது ஐம்பது ஆண்டுகளில் காற்று திசை மாறியது. மொழியறிஞர்கள் வில்லியம் லபோவ் 1960களில் நியூயார்க்கிலும், பீட்டர் டிரட்கில் அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் நாரிச் நகரிலும் மக்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரே வர்க்கத்து ஆண்களைவிடப் பெண்கள் படித்தவர் பேச்சுக்கு நெருக்கமாக இருந்தார்கள். பல இடங்களில் புதிய உச்சரிப்புகளும் பெண்கள் வழியாகவே பரவின. இதற்கும் ஒரு விளக்கம் தயாராக வந்தது: சமூகத்தில் பெண்களின் நிலை உறுதியில்லாதது, அதனால் பேச்சைக் கொண்டு மதிப்பைத் தேடிக்கொள்கிறார்கள்.

இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பழையதைப் பிடித்துக்கொண்டால் உலகம் தெரியாததால் என்கிறோம். புதியதைப் பிடித்துக்கொண்டால் கௌரவ ஆசை என்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அந்த மொழி எந்த வாழ்க்கையைக் கொடுத்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுப் பார்க்கச் சரியான இடம், இரண்டு மொழிகள் புழங்கி, ஒன்று மற்றொன்றுக்கு இடம்விட்டுக்கொண்டிருக்கும் ஊர். அப்படி ஓர் ஊருக்கு 1974இல் சூசன் கால் என்ற மானிடவியல் ஆய்வாளர் போனார்.

ஊரின் பெயர் ஓபர்வார்ட். ஆஸ்திரியாவின் கிழக்கு ஓரத்தில், பூர்கன்லாந்து மாநிலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஹங்கேரிய மன்னர்களின் எல்லைக் காவலர்களாகக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். சுற்றியிருக்கும் கிராமங்கள் ஜெர்மன் பேச, இவர்கள் நூற்றாண்டுகளாக ஹங்கேரியன் பேசினார்கள். ஜெர்மனும் தெரியும், சந்தைக்கும் வியாபாரத்துக்கும் அது வேண்டும். இரண்டு மொழி தெரிந்திருந்தாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறின. 1921இல் பூர்கன்லாந்து ஹங்கேரியிடமிருந்து ஆஸ்திரியாவுக்குக் கைமாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1955 வரை சோவியத் படையின் பிடியில் இருந்தது. அதன் பிறகு தொழிற்சாலையும் கட்டுமானமும் அலுவலக வேலையும் வந்தன. அத்தனையும் ஜெர்மன் மொழியில். ஹங்கேரி கூப்பிடு தூரத்தில் இருந்தும் நடுவே முள்வேலி. 1970களின் தொடக்கத்தில் ஊராரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே ஹங்கேரியன் பேசுபவர்களாக எஞ்சியிருந்தார்கள்.

சூசன் கால் செய்த வேலையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கேட்டும் கூடவே இருந்து பார்த்தும் ஓர் அட்டவணை போட்டார். மேல்வரிசையில் கேட்பவர்கள்: கடவுள், தாத்தா பாட்டி தலைமுறை, சந்தையில் வாங்க வருகிறவர்கள், பெற்றோர், சம வயதுத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அரசு அதிகாரி, பேரப்பிள்ளைகள், கடைசியில் டாக்டர். பக்கவாட்டில் பேசுபவர்கள், வயது வரிசையில். ஹங்கேரியன் எங்கே முடிந்து ஜெர்மன் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் ஒரு படிக்கட்டு தெரிந்தது. வயதானவர்களுக்கு ஏறக்குறைய எல்லாரிடமும் ஹங்கேரியன். வயது இறங்க இறங்க, முதலில் டாக்டரிடமும் பேரப்பிள்ளையிடமும் ஜெர்மன், பிறகு அதிகாரி, பிறகு பிள்ளைகள், பிறகு தோழர்கள் என்று அது படிப்படியாக உள்ளே வந்தது. ஹங்கேரியனின் கடைசிப் புகலிடம் கடவுள். ஊரின் ஹங்கேரியர்கள் கால்வினியச் சபையைச் சேர்ந்தவர்கள். பரம்பரையாக அவர்களது வழிபாடு ஹங்கேரியனில்தான்.

ஒரு தலைமுறையே ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவதில்லை என்பதை இந்தப் படம் காட்டிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் ஓர் ஆளுக்கு, இரண்டு ஆளுக்கு மொழியை மாற்றிக்கொள்கிறது.

ஆனால் ஒரே வயதுக்காரர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. அதற்குக் காரணம் தேடி அவர் ஒவ்வொருவரும் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். அந்தப் பழக்கவட்டத்தில் எத்தனை பேர் குடியானவர்கள்? குடியானவர் யார் என்று தீர்மானிக்க அவர் வைத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: அந்த வீட்டில் மாடோ பன்றியோ இருக்க வேண்டும். நிலப்பத்திரம், வருமானம் என்று எதையும் தேடிப் போகாமல் தொழுவத்தைப் பார்த்தார். தொழுவம் இருக்கும் வீட்டில் வாழ்க்கை எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

முடிவு பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே வந்தது. குடியானவர்களோடு அதிகம் பழகும் ஆண், தன் வயதொத்த மற்றவர்களைவிட அதிகமாக ஹங்கேரியன் பேசினார். மூத்த பெண்களிடமும் இந்தப் பொருத்தம் இருந்தது. இளம்பெண்களிடம் மட்டும் அது உடைந்துபோயிற்று. குடியானவர் வீட்டில் பிறந்து, குடியானவர்களுக்கு நடுவிலேயே நாளெல்லாம் கழிக்கும் இளம்பெண்கூட, அதே நிலையிலிருந்த இளைஞனைவிட அதிகமாக ஜெர்மன் பேசினாள். யாரோடு பழகுகிறாள் என்பது அவள் மொழியைத் தீர்மானிக்கவில்லை. யாராக ஆகப்போகிறாள் என்பது தீர்மானித்தது.

ஓபர்வார்ட்டில் ஹங்கேரியன் என்றால் குடியானவர் மொழி, ஜெர்மன் என்றால் கூலியும் சம்பளமும் வாங்குகிறவர் மொழி என்று பேர் ஆகிவிட்டிருந்தது. ஓர் இளைஞனுக்குக் குடியானவனாக இருப்பதில் இன்னும் ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது. நிலம் அவன் பேரில். வண்டியும் இயந்திரமும் அவன் கையில். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவனை மணந்து வரும் பெண்ணுக்கு? மாட்டுத் தொழுவமும் பன்றிக் கொட்டிலும் அவள் பொறுப்பு. வயலும் அடுப்பும் துணியும் பிள்ளையும் அவள் பொறுப்பு. அதே கூரையின் கீழ் மாமியாரின் அதிகாரம் வேறு. இயந்திரம் வந்து ஆண்களின் சுமையைக் குறைத்த அளவுக்கு அவள் சுமை குறையவில்லை. தொழிற்சாலைக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டால் தனி வீடு, தன் சமையலறை, கையில் பணம். கணக்கு கடினமானதல்ல. ஊரின் பெண்கள் குடியானவனுக்குக் கழுத்தை நீட்ட மறுத்தார்கள். 1978இல் வெளிவந்த கட்டுரைக்குச் சூசன் கால் வைத்த தலைப்பே ஊர்ப் புலம்பல்தான்: குடியான ஆண்களுக்குப் பெண் கிடைப்பதில்லை.

பெண் கிடைக்காத குடியானவன் என்ன செய்தான்? அக்கம்பக்கத்து ஜெர்மன் கிராமங்களில் பெண் தேடினான். திருமணப் பதிவேடுகளைப் புரட்டிய கால், தலைமுறைக்குத் தலைமுறை இந்த வெளியூர்ச் சம்பந்தங்கள் கூடிவந்ததைக் கண்டார். வந்த மருமகளுக்கு ஹங்கேரியன் தெரியாது. அவள் வளர்த்த பிள்ளைகளும் ஜெர்மன் மட்டுமே பேசினார்கள். ஆக, ஹங்கேரியனை விடாமல் பேசியவன் வீட்டிலேயே ஹங்கேரியன் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. தொழிலாளியை மணந்து விலகியவளின் வீட்டிலும் போகவில்லை. ஒரே மறுப்பு இரண்டு வழியாகவும் மொழியை அடைத்துவிட்டது. கல்யாணச் சந்தையில் ஒரு தலைமுறைப் பெண்கள் சொன்ன 'வேண்டாம்' பல நூற்றாண்டு மொழிநிலையைத் திருப்பிப் போட்டது என்பதை, மொழி வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். போர், அரசாணை, பள்ளிக்கூடம் இவற்றைத்தான் நாம் மொழி வரலாற்றில் தேடிப் பழகியிருக்கிறோம். பெண் பார்க்கப் போன வீட்டில் நடந்ததை யாரும் குறித்துவைப்பதில்லை.

முள்வேலி 1989இல் விழுந்த பிறகு ஓபர்வார்ட்டில் 1992இல் இருமொழி உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. அங்கே ஜெர்மனோடு ஹங்கேரியனோ குரோவேஷியனோ படிக்கலாம். அங்கு படிக்கிற பிள்ளைக்கு ஹங்கேரியன் என்றால் புத்தகம், பரீட்சை, எல்லை தாண்டிய வேலை. தொழுவத்தோடு அந்த மொழிக்கிருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

இனி ஐரோப்பாவை விட்டுப் பாப்புவா நியூகினியின் சதுப்புக் காட்டுக்குப் போவோம். செபிக் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு அருகே கபுன் என்றொரு சிற்றூர். அங்கே பேசப்படும் தாயாப் மொழிக்கு உலகில் உறவு மொழி எதுவும் கண்டறியப்படவில்லை. 1986-87இல் டான் குலிக் என்ற மானிடவியல் ஆய்வாளர் அங்கே தங்கியபோது ஊரில் நூற்றுச் சொச்சம் பேர். அவர்களில் 89 பேர் தாயாப் பேசினார்கள். பத்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூடப் பேசவில்லை. நாடு முழுவதும் புழங்கும் டோக் பிசின் என்ற கலப்பு மொழியையே குழந்தைகள் பேசினார்கள். ஊரை யாரும் துரத்தவில்லை, வேறு இனத்தார் வந்து குடியேறவில்லை, தொழிற்சாலையும் இல்லை. பிறகு ஏன்?

டோக் பிசின் அந்த ஊருக்குள் வந்தது ஆண்களின் வாயில் ஏறி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையரின் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன வாலிபர்கள் இரும்புக் கோடாரி, துணி, பெட்டி இவற்றோடு புதிய பேச்சையும் கொண்டுவந்தார்கள். அது வெளியுலகம் கண்டவனின் அடையாளம் ஆயிற்று. பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். அந்த மொழி அவர்களிடம் பிந்தித்தான் வந்தது.

புதிய மொழி வந்த வழி இது. இரண்டு மொழிகளுக்கும் ஏற்பட்ட மதிப்பு இன்னும் ஆழமாகப் போயிற்று. கபுன் மக்கள் மனிதனுக்குள் இரண்டு கூறுகள் இருப்பதாக எண்ணினார்கள். ஒன்றின் பெயர் 'ஹெட்': தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கும் அடம், தன்னலம். இன்னொன்று 'சவே': விவேகம், பிறரை அனுசரித்துப் போகும் பக்குவம். எல்லாரிடமும் இரண்டும் உண்டு என்றாலும் பெண்களிடமும் குழந்தைகளிடமும் அடம் மிகுதி, ஆண்களிடம் விவேகம் மிகுதி என்பது ஊர் முடிவு. காலப்போக்கில் விவேகத்தோடு கிறித்தவமும் வெளியுலகமும் டோக் பிசினும் சேர்ந்துகொண்டன. அடத்தோடு பழைய வாழ்க்கையும் பெண்ணும் தாயாப் மொழியும் சேர்ந்தன.

இது காதால் கேட்கும்படி நடந்த இடம் ஒன்று உண்டு. பெண்களின் 'குரோஸ்'. கணவனோ அண்டை வீட்டாரோ உறவினரோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றினால், ஒரு பெண் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டே ஊர் முழுக்கக் கேட்கும்படி ஏசத் தொடங்குவாள். ஏச்சுக்கு ஆளானவர் எதிரே வரக் கூடாது. முக்கால் மணி நேரம்கூட நீளும். கற்பனையும் வசையும் கைகோத்து வரும் அந்தப் பேச்சில் தாயாப் மொழியின் முழு வீச்சும் வெளிப்பட்டது. ஆண்கள் கூடும் மன்றத்தில் இதற்கு நேர் எதிரான பேச்சு: சுற்றி வளைத்து, யாரையும் புண்படுத்தாமல், எல்லாரும் ஒருமித்துவிட்டோம் என்று காட்டும் பேச்சு. அதில் டோக் பிசினின் பங்கு கூடிக்கொண்டே போயிற்று. ஆண்களுக்கும் கோபம் வரும், அவர்களும் ஏசுவார்கள். இருந்தும் ஏச்சு பெண்ணுடையது, இணக்கம் ஆணுடையது என்றே ஊர் பேசிக்கொண்டது. ஒரு மொழியைப் பெண்ணின் அடங்காக் கோபத்தோடு கட்டிவிட்டால் அந்த மொழியில் வளர யார் ஆசைப்படுவார்கள்?

மழலைக்கு அவர்கள் கொடுத்த பொருள் இன்னும் வியப்பானது. குழந்தை முதன்முதலில் சொல்லும் சொல் 'ஒக்கி' என்பார்கள். நான் கிளம்புகிறேன், போகிறேன் என்ற பொருள்படும் தாயாப் சொல். அம்மா அப்பா என்று உறவை அழைத்துக்கொண்டு குழந்தை பேச வருவதாக அவர்கள் எண்ணவில்லை. அடத்தின் உருவமாகவே அது பிறக்கிறது, ஆகவே 'உங்கள் சகவாசமே வேண்டாம்' என்றுதான் தொடங்கும். அந்த அடத்துக்கும் உரிய மொழி தாயாப்தான். பிறகு குழந்தைக்கு விவேகம் புகட்டுவதே வளர்ப்பு. தாய் தாயாப்பில் ஏதோ சொல்வாள், குழந்தை கேட்காது, உடனே டோக் பிசினுக்கு மாறி அதையே மீண்டும் சொல்வாள். குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? காது கொடுக்க வேண்டிய பேச்சு டோக் பிசின் என்பதை. தாயாப் அழிய வேண்டும் என்று அந்த ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அடம்பிடித்து இதைப் பேச மறுக்கின்றன என்று பெற்றோர் மனதார வருந்தினார்கள். முப்பதாண்டுக்கு மேல் அந்த ஊரோடு தொடர்பு வைத்திருந்த குலிக், 2019இல் எழுதிய நூலுக்கு மழைக்காட்டில் ஒரு மரணம் என்று பெயர் வைத்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மொழி நலிகிறது என்றதும் நம் மேடைகளில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள், குழந்தையிடம் ஆங்கிலத்தில் பேசும் தாய். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பள்ளியும் அலுவலகமும் சம்பந்தம் பேசுகிறவர்களும் எந்த மொழிக்கு என்ன மதிப்பு என்று விலை வைத்துவிட்டார்கள். கபுன் தாயிடம் குறை காண்பவர் அந்த ஆண்கள் மன்றத்தையும் தோட்டக் கூலியையும் பார்க்கத் தவறிவிடுகிறார்.

சிசரோவின் கூற்று மெய்யாவதுபோல் தோன்றும் இடம் மொராக்கோவின் ஆன்ட்டி-அட்லஸ் மலை. தாஷெல்ஹித் என்ற பெர்பர் மொழி பேசும் மலைக்கிராமங்கள் அவை. அங்கிருந்து ஆண்கள் காசாபிளாங்காவுக்கும் பிரான்சுக்கும் பிழைக்கப் போகிறார்கள். மொராக்கோ நகரங்களில் மளிகைக் கடை என்றாலே இந்த மலைகள் அடங்கிய சூஸ் வட்டாரத்தாரின் கடைதான் நினைவுக்கு வரும். கடையில் அரபு பேச வேண்டும். மலையில் தங்கிவிட்ட பெண்கள் வயல் பார்த்து, விறகு சுமந்து, தீவனம் அறுத்து, தாஷெல்ஹித் பேசிப் பாடி வாழ்கிறார்கள். பலருக்கு வேறு மொழி தெரியாது. இங்கே மொழி நிலைத்திருப்பது பெண்களால்தான். அவர்களின் பழமைப் பற்றால் என்று சொல்வதற்கில்லை. அவர்களுக்கு மலையை விட்டு இறங்க வழி இருக்கவில்லை.

இந்த மலைகளில் ஆய்வு செய்த கேத்தரின் ஹாஃப்மன், 2008இல் வெளியிட்ட நூலில் ஒரு முரணைக் காட்டுகிறார். சொந்த மண்ணை அவர்கள் தமஸிர்த் என்பார்கள். நகரத்தில் இருக்கும் ஆணுக்கு அது ஏக்கம், விடுமுறை, பாட்டு. அங்கேயே இருக்கும் பெண்ணுக்கு அது முதுகொடியும் வேலை. அவன் நெஞ்சில் சுமக்கும் ஊரை முதுகில் சுமந்து நிற்பவள் அவள். மரபைக் காத்த மலைப்பெண் என்று மொழி இயக்கம் அவளைப் போற்றுகிறது. போற்றுதலில் பொய்யில்லை. ஆனால் அவள் கட்டுண்டு கிடந்ததையும் சேர்த்துப் போற்றிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ஓபர்வார்ட் பெண்ணுக்கு இருந்த தொழிற்சாலை இந்தப் பெண்ணுக்கும் எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் அவள் எதைத் தேர்ந்திருப்பாள்?

அந்தக் கேள்வி மொராக்கோவில் இப்போது உயிருள்ள கேள்வியாகிவிட்டது. 2003இல் தொடக்கப் பள்ளிகளில் பெர்பர் மொழி பாடமாக நுழைந்தது. தொன்மையான வேர் கொண்ட திஃபினாக் எழுத்து அதற்குத் தரப்பட்டது. 2011இன் அரசமைப்புச் சட்டம் அரபோடு சேர்த்து அதையும் ஆட்சிமொழி என்றது. மொழியை வாயில் வைத்திருந்த முதிய பெண்களில் மிகப் பலர் எந்த எழுத்தும் படிக்காதவர்கள். அவர்களின் பேத்திகள் படிக்கிறார்கள். மலைக்கிராமத்துச் சிறுமி மேல்வகுப்புக்குப் போக வேண்டுமானால் தொலைவிலுள்ள பள்ளி, அதையொட்டிய மாணவியர் விடுதி. 'தார் தாலிபா' என்று பெயர்கொண்ட இந்த விடுதிகள் வந்த பிறகு, முன்பு விறகுக்கட்டோடு நின்றுபோன பெண்பிள்ளைகளில் பலர் படிப்பைத் தொடர முடிகிறது. அந்தப் படிப்பின் மொழி பெரும்பாலும் அரபும் பிரெஞ்சும்.

பள்ளிக்கூடம் பெண்ணைத் தன் மொழியிலிருந்து பிரிக்கிறது என்று இதைக் கண்டு வருந்துவோர் உண்டு. வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு மொழி பிழைப்பதற்காக ஒரு சிறுமி படிக்காமல் இருக்க வேண்டும் என்றால், அந்தப் பேரத்தைப் பேச யாருக்கும் உரிமை இல்லை. விடுதியில் இருக்கும் பெண்ணுக்குத் தாஷெல்ஹித்தில் ஒரு மருத்துவத் தாதியாகவோ ஆசிரியையாகவோ வேலை பார்க்க முடியுமா, கிராமத்துக் கிழவி தன் நோவைத் தன் மொழியில் சொல்லும்போது புரிந்துகொள்ளும் தாதி என்று அவளுக்கு அந்த மொழிக்காகவே இடம் கிடைக்குமா, சட்டம் எழுதிவைத்ததை அரசு அலுவலகம் நடத்திக்காட்டுமா என்பவை விடைகாண வேண்டிய கேள்விகள். மொழியைப் பற்றிய ஆணையங்களில் பெண்களின் வேலை, கூலி, திருமணம், விடுதி இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் நாற்காலி போட்டால், அந்த விடை சீக்கிரம் வரும்.